வீட்டுக் கணினியில் போக மறுக்கும் வைரஸ்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தேர்வு, கட்டணம், கூட்டம் என்று எதைப் பற்றியும் இல்லை இந்தக் கடிதம். பென்டிரைவைப் பற்றியது.

போன மாதம் நம் பள்ளி ஹைடெக் லேபில் ஒரு மாணவி புராஜெக்ட்டைத் திறக்கத் தன் பென்டிரைவைச் செருகினாள். உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாகக் கிடந்தன. பிள்ளை ஒன்றை இரண்டு முறை தட்டிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கணினியில் யார் யார் பென்டிரைவ் போட்டார்களோ அத்தனை பேருக்கும் அதே அம்புக்குறி. கம்ப்யூட்டர் ஆசிரியர் இரண்டு நாள் உட்கார்ந்து சரி செய்தார். கூப்பிட்டு விசாரித்தால் அழுகிறாள்: "வீட்ல மூணு தடவை கிளீன் பண்ணிட்டோம் டீச்சர், திரும்பத் திரும்ப வருது. வாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டு லேப்டாப்பிலும் இதே கூத்துதான். ஜெராக்ஸ் கடையில் ஏதோ அச்செடுக்கக் கொடுத்த பென்டிரைவில் ஒட்டிக்கொண்டு வந்தது. ரிப்பேர் கடை ஒன்றில் கொடுத்தேன். "ஃபார்மட் போட்டாச்சு டீச்சர்" என்று கொடுத்தார்கள். போட்டது திருட்டு விண்டோஸ். அதை ஆக்டிவேட் செய்ய ஒரு கிராக்கை (உரிமம் இல்லாமலே ஓட வைக்கிற திருட்டு நிரல்) ஓட்டி, கிராக்குக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று வைரஸ் காவலையும் அணைத்து வைத்திருந்தார்கள். வாசலில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்கு வழிகாட்டியது மாதிரி. பத்தே நாளில் சூதாட்ட விளம்பரமாகக் கொட்ட ஆரம்பித்தது. கடையை மட்டும் சொல்லி என்ன, வீட்டுக்கு வந்ததும் அதே பழைய பென்டிரைவை மறுபடி செருகியது நான்தானே.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

இந்த மாதிரி நச்சு நிரல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. ஒரு ஃபைலாக ஒரு பக்கம், கணினி எழும்போதே தானும் எழுகிற மாதிரி ஸ்டார்ட்அப்பில் ஒரு பக்கம், 'டாஸ்க் ஷெட்யூலர்' என்கிற கால அட்டவணையில் ஒரு பக்கம், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரலான 'எக்ஸ்டென்ஷனாக' இன்னொரு பக்கம். ஃபைலை மட்டும் அழித்தால், கொஞ்ச நேரத்தில் அட்டவணையில் இருப்பது முழித்துக்கொண்டு அதைத் திரும்ப எழுதிவிடும். அதோடு, விண்டோஸ் ஓடும்போது அதுவும் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற ஃபைலை அழிக்க விண்டோஸ் விடாது. சில நிரல்கள் தேடுகிற மென்பொருளின் கண்ணிலேயே படாமல் ஒளிந்துகொள்ளும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்க்கிறீர்கள். படகு தண்ணீரில் மிதக்கும்போதே அடியில் ஒட்டிய சிப்பியை யாராவது முழுசாகச் சுரண்டியதுண்டா? (நான் பாம்பன்காரி, அண்ணன் படகை வருஷா வருஷம் பார்த்தவள்.) கணினிக்கும் கரையேற்றித்தான் சுரண்ட வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. காசு கிடையாது.

முதலில் வைஃபையை, மொபைல் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள். பிள்ளையின் பாடக்குறிப்பு, போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் இவற்றை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். மென்பொருள், கேம், பெயர் '.இஎக்ஸ்இ' என்று முடிகிற எதையும் எடுக்க வேண்டாம். கணினி சுத்தமாகி, அந்தப் பென்டிரைவையும் ஸ்கேன் செய்யும்வரை அதைத் திறக்கவும் வேண்டாம். பிறகு வைரஸ் பட்டியலைப் புதுப்பிக்க மட்டும் இணையத்தை ஒரு தடவை திறந்து, 'விண்டோஸ் செக்யூரிட்டி'க்குள் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', அதில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய், 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி அணைந்து, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஸ்கேன் ஓடும். ஏறக்குறைய 15 நிமிடம். சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள், நம் ஊர் கரண்டை நம்ப முடியாது.

முடிந்ததும் விண்டோஸில் ஒரு முழு ஸ்கேன். அப்புறம் நிறுவிய மென்பொருள் பட்டியலையும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். இருவருக்கும் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் தேடிப் பார்த்து நீக்குங்கள். வீட்டிலுள்ள பென்டிரைவ், மெமரி கார்டு அத்தனையையும் அதே நாளில் ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றை விட்டாலும் என் கதைதான்.

ஷார்ட்கட் வைரஸ் வந்த பென்டிரைவை 'எல்லாம் போச்சு' என்று ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஃபோல்டர்கள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு வரிக் கட்டளையில் மீட்டுவிடலாம். லேபில் செய்து தருகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் வேதாளையிலிருந்து ஒரு அம்மா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று கத்திக்கொண்டே இருந்தது. பார்த்தால் வைரஸே இல்லை! ஏதோ ஒரு தளத்தில் பையன் 'அலவ்' என்று அழுத்தியிருக்கிறான், அது அனுப்பிய நோட்டிஃபிகேஷன். குரோமில் செட்டிங்ஸ் போய் அந்த அனுமதியை நீக்கியதும் அடங்கிவிட்டது. இப்படிக் கத்துகிற திரையில் ஒரு போன் நம்பர் இருந்தால் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் அப்படித் திரையில் நம்பர் போட்டு யாரையும் கூப்பிடச் சொல்வதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் வந்தால்? இரண்டாம் முறை ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் முறைக்கு நேரத்தை வீணாக்க வேண்டாம், மொத்தமாக அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவதே மேல். அதற்கு வேறொரு சுத்தமான கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே, 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் வட்டு செய்ய வேண்டும். கவனியுங்கள்: விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்பப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். கிராக் தேவையே இல்லை. இது தெரியாமல்தான் நான் அந்தக் கடைக்காரரிடம் தலையாட்டினேன்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு: விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ல் நின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-ல் நின்றன. விண்டோஸ் 11 ஏறாத கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், பிள்ளைகள் படிப்புக்குத் தாராளமாகப் போதும். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' இருந்தது. எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்திலும் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டுங்கள். வைரஸ் இருந்த கணினியில் திறந்த மின்னஞ்சல், வங்கி, உதவித்தொகைக் கணக்கு எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். சில நிரல்கள் பாஸ்வேர்டைக்கூடத் தேடாது, நீங்கள் ஏற்கெனவே கணக்குக்குள் நுழைந்திருப்பதற்காகப் பிரவுசர் வைத்திருக்கும் அடையாளத்தையே திருடிக்கொண்டு போகும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் விண்ணப்ப நேரம் வருகிறது. விண்ணப்பிக்கிற மின்னஞ்சலே பறிபோனால் ஓ.டி.பி. யாருக்குப் போகும்?

அந்த மாணவியின் வாப்பாவிடம் நானே போனில் பேசினேன். அவர் திட்டவில்லை. "நான்தான் டீச்சர் அந்த கேமை இறக்கிக் கொடுத்தேன்" என்றார்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் மதியம் 1 மணி வரை லேப் திறந்திருக்கும். லேப்டாப்போடு சார்ஜரையும் கொண்டு வாருங்கள். நிறுவல் வட்டு வேண்டுபவர்கள் காலியான 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்து வாருங்கள். வீட்டிலுள்ள மற்ற பென்டிரைவ்களை ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து நீங்களே செருக வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்