ஈறில் கசியும் இரத்தத்தையும் விசாரியுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை நோய்க்கான மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே வாசலில், ஈறில் இரத்தம் கசிகிறதா, பல் ஆடுகிறதா என்றும் தவறாமல் விசாரிக்க வேண்டும் எனப் பல் மருத்துவர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

துலக்கிய பல்லில் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் மீண்டும் ஒட்டத் தொடங்குகின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் ஸ்டிரெப்டோகாக்கஸ் வகையைச் சேர்ந்தவை. இப்படி ஒட்டி உருவாகும் பாக்டீரியாப் படலம் அகற்றப்படாமல் தடிக்கத் தடிக்க, காற்றுப் புகாத ஈறோரப் பள்ளத்தில் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்றவை பெருகுகின்றன. அவற்றை எதிர்த்து உடலில் எழும் அழற்சியே நாளடைவில் ஈறைப் பல்லிலிருந்து பிரித்து, பல்லைத் தாங்கும் எலும்பையும் அரித்துவிடுகிறது. ஹெரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் நடத்தி 1965இல் வெளியிட்ட ஆய்வில், பல் துலக்குவதை நிறுத்திய 12 பேருக்கும் மூன்று வாரங்களுக்குள் ஈறு அழற்சி கண்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தணிந்தது. எலும்பு அரிபடாத இந்தக் கட்டத்தில் வந்தால் ஈறை முழுமையாக மீட்டுவிடலாம்.

ஆனால், வலி இல்லாததால் யாரும் வருவதில்லை. இரத்தத்தைக் கண்டதும் பிரஷ் குத்திவிட்டது என்றெண்ணி அந்த இடத்தைத் துலக்காமல் விடுகிறார்கள்; படலம் மேலும் தடிக்கிறது. சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் வேறு. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் அந்தப் படலம் கல்லாக இறுகி உண்டான காரையை எடுத்ததும், எலும்பை முன்பே இழந்திருந்த பல்லின் ஆட்டம் வெளியே தெரிகிறது. பழியோ சிகிச்சையின் மேல் விழுகிறது. இதைப் பொறுமையாக எடுத்துச்சொல்ல, நாள்தோறும் தெருவில் பழகும் இத்திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறு நோய் விரைந்து முற்றும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். எனவே, மாத்திரை வாங்குபவரிடமிருந்தே இந்த விசாரிப்பைத் தொடங்கலாம். புகைப்பவருக்கு இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், பல்லாட்டத்தையும் புதிதாக விழுந்த இடைவெளியையும் சேர்த்தே கேட்க வேண்டும். தன்னார்வலர்களுக்கு இதற்கெனச் சிறு பயிற்சி அளித்து, 'ஆம்' என்பவர்களை அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்பி, அவர்கள் சிகிச்சை பெற்றார்களா என்பதை அடுத்த வருகையில் உறுதிசெய்ய ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்