மண் எங்கே உடையும் என்பது போதாது, எதுவரை ஓடும் என்பதும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக மண்சரிவு எச்சரிக்கைகள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அபாய வலயங்கள், மழை அளவுகள், மக்களை இடம்மாற்றுவதில் உள்ள சிக்கல்கள் எல்லாம் அதில் இருந்தன. உடைந்த மண் எவ்வளவு தூரம் ஓடும் என்ற கேள்வி மட்டும் இல்லை. சமதரையான வன்னியில் இருந்துகொண்டு மலையைப் பற்றி எழுத எனக்குக் காரணம் உண்டு. 1977 கலவரத்துக்குப் பின் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்போதே மணமுடித்திருந்த அக்கா அங்கேயே தங்கிவிட்டார். ஐப்பசி பிறந்தால் இரவில் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

நான் குளக்கட்டு வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். கட்டுக்குக் கொட்டும் கிரவலைப் படைபடையாகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, உருளை ஓட்டி இறுக்காமல் அடுத்த படைக்குப் போக விடமாட்டோம். ஒரு பிடி மண்ணைக் கையில் பொத்தினால் அது உருண்டையாக நிற்க வேண்டும்; விரலிடுக்கில் நீர் கசிந்தாலும் ஆகாது, உதிர்ந்தாலும் ஆகாது. பிறகு சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, குழியை உலர்ந்த மணலால் நிரப்பிக் கனவளவு கண்டு, இறுக்கம் போதாவிட்டால் அந்தப் படையையே கிளறி மறுபடி உருட்டச் சொல்வோம். மண்ணுக்குள் இருக்கும் வெற்றிடம் எத்தனை பெரிய விஷயம் என்பது, மண்சரிவுப் பரிசோதனை ஒன்றைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக் காடொன்றில், அந்நாட்டுப் புவியியல் ஆய்வகம் 1991இல் மலைச்சரிவில் கொங்கிறீற் வாய்க்கால் ஒன்றைக் கட்டியது. 95 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 31 பாகைச் சாய்வு. மேலே கதவுக்குப் பின்னால் நீரில் ஊறிய மண்ணையும் கல்லையும் நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அது பாயும் வேகத்தையும் ஆழத்தையும் அடியில் ஏறும் நீரமுக்கத்தையும் அளக்கிறார்கள். ரிச்சர்ட் ஐவர்சன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அங்கே ஒரே வகை மண்ணை ஒருமுறை தளர்வாகவும் இன்னொரு முறை இறுக்கமாகவும் இட்டு நீரூட்டினார்கள். தளர்ந்த மண் அசையத் தொடங்கியதும் துகள்கள் நெருங்கின. இடையிலிருந்த நீர் வெளியேற வழியின்றி அமுக்கம் ஏறியது. பாரத்தை நீரே தாங்கிக்கொள்ள, துகளுக்கும் துகளுக்கும் இருந்த பிடி விட்டுப்போய், ஒரு செக்கனுக்குள் முழு மண்ணும் கூழாகிப் பாய்ந்தது. இறுகிய மண்ணில் துகள்கள் விலகி இடைவெளி விரிந்ததால் அமுக்கம் இறங்கி, மண் நின்று நின்று ஊர்ந்தது. முதலாவதில் வெற்றிடம் ஏறத்தாழப் பாதி. இரண்டாவதில் நூற்றுக்கு நாற்பது. ஓடித் தப்ப நேரம் இருக்குமா இல்லையா என்பதை அந்தப் பத்துத்தான் தீர்மானித்தது.

கணினி மாதிரிகளை நான் மதிப்பதும் அவற்றைப் பார்த்து அஞ்சுவதும் இதனால்தான். சுவிற்சர்லாந்தின் ‘றாம்ஸ்’, யப்பானியப் பேராசிரியர் கியோஜி சாசாவின் ‘எல்எஸ்-ரெப்பிட்’ போன்றவை நிலத்தின் உயரங்களையும், உடையும் மண்ணின் அளவையும், உராய்வு எண்களையும் வாங்கிக்கொண்டு, பாய்ச்சல் எந்த ஓடை வழியே இறங்கி எங்கே நிற்கும் என்று காட்டுகின்றன. உராய்வு எண்ணைச் சற்று மாற்றினால் அது நிற்கும் இடமும் மாறிவிடும். ஆகவே அந்த எண்கள் நம் மலையின் மண்ணைச் சோதித்தும், முன்பு இங்கே பாய்ந்த பாய்ச்சல்களோடு ஒப்பிட்டும் பெறப்பட வேண்டும். இரவல் எண்களில் வரைந்த வண்ணப்படம் ஆபத்தானது. 2016 மே 17இல் அரநாயக்கவில் நிகழ்ந்த பெருஞ்சரிவைச் சாசாவின் முறையால் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த நாட்டில் இது முடியாத வேலையல்ல.

இப்போது தோட்டத்து மக்களுக்கு வந்துசேர்வது பெரும்பாலும் மழைக் கணக்குத்தான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். இந்தக் கணக்கு எப்போது போவது என்று சொல்லும். எங்கே போவது என்று சொல்லாது. கடந்த வருடம் கடும் மழையில் அக்காவின் லயத்தவர்களை, அதாவது அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களை, கீழேயுள்ள பாடசாலைக்குப் போகச் சொன்னார்கள். அந்தப் பாடசாலை, லயத்துக்கு மேலேயுள்ள சரிவிலிருந்து இறங்கும் அதே ஓடையின் கரையில் நிற்கிறது! பொறுப்பான அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அந்த இடம் வரைபடத்தில் அபாய வலயத்துக்கு வெளியே இருக்கிறது என்ற பதிலோடு முடித்துக்கொண்டார்கள். உடையக்கூடிய இடத்துக்கு வெளியேதான் இருக்கிறது. பாய்ந்து வரக்கூடிய வழிக்கு வெளியே இருக்கிறதா என்பதே என் கேள்வி. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை மூடிய மண்ணும் மேலே மலையிலிருந்து வந்ததுதான். அங்கே 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள், ஏனெனில் போக வேறு நிலம் இருக்கவில்லை.

லயம், கோயில், பாடசாலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிரா எல்லாம் பெயரோடு குறித்த பாய்வழி வரைபடம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழில் வேண்டும். ஒரே கோடாக அல்லாமல், குறைந்தது எதுவரை, கூடியது எதுவரை என்று இரண்டு கோடுகளாக அது இருக்க வேண்டும். யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் எங்கள் அறிவியல் நகரிலேயே இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பசறைக்கும் அப்புத்தளைக்கும் போய் மண் எடுத்துவந்து சோதித்தால் எவ்வளவு பெரிய உதவியாக இருக்கும். ஆய்வுகூடச் சின்னத் தொட்டியில் மட்டும் பாயவிட்டுப் பார்ப்பது போதாது, மெல்லிய பாய்ச்சலில் நீரமுக்கம் விரைவில் வடிந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

அதுவரை, மழை வலுத்தால் ஓடையைக் கடக்காமல் கோயில் மேட்டுக்குப் போகும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அது சரியான இடந்தானா என்று அளந்து சொல்லக்கூடியவர்கள் இந்த வருடமாவது அங்கே போக வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.