டார்ச்சோடு நின்ற அக்காவுக்கு

நேற்று தியேட்டரில் நடந்த புளூஸ், ஜாஸ் இசைவிழாவில் படிக்கட்டோரம் டார்ச்சோடு நின்ற அக்கா, இது உங்களுக்குத்தான்.

அப்பாவுக்கு இரண்டு காதிலும் செவித்துணைக் கருவி. ட்ரம்ஸும் சாக்சபோனும் சேர்ந்ததும் ஒரே இரைச்சலாகிவிட, கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சின்ன வயதிலிருந்து புளூஸ் கேட்ட மனுஷர் மேடையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தாங்கவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களாகவே கவனித்து, குனிந்தபடி வந்து, நடுவில் காலியாக இருந்த இருக்கைகளுக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே தரைக்கடியில் கம்பிச்சுற்று இருக்கிறதாம். கருவியை 'டி' நிலைக்கு மாற்றினால் மேடை மைக்கின் ஒலி காந்தப்புலம் வழியாக நேராகக் கருவிக்கே வந்துவிடும், சுற்றியுள்ள சத்தம் ஒதுங்கிவிடும். இதை அப்பாவுக்குப் புரியும்வரை, முகம் பார்த்து, மெதுவாக இரண்டு தடவை சொன்னீர்கள். அந்தப் பொறுமையை நான் மறக்கமாட்டேன்.

பாடகி முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொன்னார். அப்பாவின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. "12 பார் முடிஞ்சிருச்சு, மறுபடி ஆரம்பிக்கிறாங்க பாரு" என்றார் என்னிடம். 'பார்' என்பது தாளத்தின் ஓர் அளவு; புளூஸில் பெரும்பாலும் 12 பார் சேர்ந்தது ஒரு சுற்று.

நன்றி சொல்லத் திரும்பினேன். நீங்கள் வேறு யாருக்கோ படியில் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தீர்கள். கடைசிப் பாட்டு வரைக்கும் அப்பா கேட்டார், அக்கா.