திருச்சியில் எந்தப் பக்கம் குடியேறுவது? மகளுக்கு ஒரு கடிதம்

முசிறி

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாப்பிள்ளைக்குத் துவாக்குடி தொழிற்பேட்டையில் வேலை உறுதியானதில் அம்மாவுக்கும் எனக்கும் அளவில்லாத சந்தோஷம். நீ அனுப்பிய வீட்டுப் படங்களை எல்லாம் பார்த்தேன். தரையும் சமையலறையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் வீட்டை அப்புறம் பார்க்கலாம் கண்ணு, முதலில் ஊரில் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய். வீடு பிடிக்காவிட்டால் அடுத்த தெருவுக்கு மாறிவிடலாம். பக்கம் தப்பிப்போனால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலுவலகம் எல்லாமே சிக்கலாகும்.

திருச்சி சின்ன ஊர், எங்கிருந்து எங்கு போனாலும் அரை மணி நேரம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். தூரத்தை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் நடுவே ஆறு, ரயில் பாதை, நான்குவழிச் சாலை மூன்றும் ஊரை வெட்டிக்கொண்டு போகின்றன. கடக்கும் இடங்கள் கொஞ்சம்தான், நெரிசல் அத்தனையும் அங்கேதான். காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 கடைசியில் மூடியபோது ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மாதக்கணக்கில் சுற்றிப் போனார்கள். 2024 ஜனவரியில் ஜி கார்னர் ரயில்வே மேம்பாலத்தின் பக்கச் சுவர் பெயர்ந்தபோதும் இதே கதைதான். அதனால் கிலோமீட்டரை எண்ணாதே. வழியில் எத்தனை பாலம், எத்தனை ரவுண்டானா என்று எண்ணு.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். மாப்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை போகவர நீண்ட பயணம். மகிழனுக்கும் யாழினிக்கும் இரண்டு வேளைப் பள்ளிக்கூடம். சம்பந்தி அம்மாவுக்கு இதயப் பரிசோதனை, முழங்கால் வைத்தியம், எப்போதாவது நடுராத்திரி அவசரம். நீ வீட்டிலிருந்தே வேலை பார்த்தாலும் சென்னைக்கு ரயில் பிடிக்க ஜங்ஷனுக்கு வர வேண்டும். நீண்ட பயணம் ஒருவருக்குத்தான், குட்டிப் பயணங்கள் மற்ற நான்கு பேருக்கும். ஆகவே வேலையிடத்தை ஒட்டி வீடு என்பதைவிடப் பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் ஒட்டி வீடு என்பதுதான் உங்களுக்குச் சரிப்படும்.

காட்டூர், கைலாஷ் நகர், திருவெறும்பூர் பக்கம் மாப்பிள்ளைக்குக் கிட்டம், வாடகையும் குறைவு. ஆனால் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை தஞ்சாவூர் சாலைக்கு அணுகுசாலை கிடையாது. அந்தப் பகுதி மக்கள் பல வருடமாகக் கேட்டுப் போராடுகிற விஷயம் இது. பால் வாங்கப் போகிறவரும், பள்ளிக்கூட வேனும், டாரஸ் லாரியும் ஒரே சாலையில்தான். நடுத்தடுப்பில் திறப்பு தூரத்தில் இருப்பதால் பலர் எதிர்த்திசையிலேயே வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே வீடு பார்த்தால், பள்ளியும் கடையும் சாலையின் அதே பக்கம் இருக்கிறதா என்று பார். இன்னொன்று, அரியமங்கலம் குப்பைக் கிடங்கு. பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை நடந்தாலும், தீப்பிடித்தால் புகை கிளம்பும். ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், காட்டூர் அதற்குக் கிழக்கே இருக்கிறது. நீங்கள் வரும் பங்குனியில் நாற்றமே தெரியாது.

தில்லைநகர், புத்தூர், கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு மிக வசதி. தனியார் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் அந்த வட்டாரம்தான், அரசு மருத்துவமனையும் புத்தூரில்தான். ஆனால் தில்லைநகரின் குறுக்குத் தெருக்களில் கிளினிக்குக்கு வரும் கார்கள் வாசலை அடைத்துக்கொள்ளும், வாடகையும் அதிகம். ஸ்ரீரங்கம் சம்பந்தி அம்மாவுக்கு மனசுக்குப் பிடிக்கும். ஆனாலும் மாப்பிள்ளை தினமும் ஆற்றைக் கடந்து, சஞ்சீவி நகர் சந்திப்பில் நின்று, பால்பண்ணை தாண்டித் துவாக்குடி போவது நடக்காத காரியம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் கார் எடுக்கவே முடியாது.

என் கருத்தில் உங்களுக்குக் கே.கே. நகர்தான் பொருத்தம். சுப்பிரமணியபுரம் பக்கமும் பார்க்கலாம். பள்ளிகள் அருகிலேயே இருக்கின்றன, ஜங்ஷனுக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் ஆற்றைக் கடக்காமல் போய்விடலாம். மாப்பிள்ளை ஊருக்குள் நுழையாமல் ஓலையூர் வழியே, ஊரைச் சுற்றிப் போகும் அரைவட்டச் சாலையைப் பிடித்து, மாத்தூர் தாண்டித் துவாக்குடி போகலாம். சுற்றுதான், ஆனால் நிற்காமல் ஓடும். முடிவு செய்வதற்கு முன் அவரையே ஒரு வேலை நாள் காலையில் அந்த வழியில் ஓட்டிப் பார்க்கச் சொல். ராத்திரி அந்தச் சாலையில் லாரிகள் வேகமாக வரும், விளக்கில்லாத இடங்களும் உண்டு. இரவு ஷிப்ட் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சப்பூரைப் பற்றி நிறையப் பேர் உன்னிடம் பேசுவார்கள். 2025-இல் புதிய பேருந்து முனையம் அங்கே வந்ததிலிருந்து எடமலைப்பட்டிபுதூர் வரை மனை விலையும் வாடகையும் ஏறிக்கொண்டிருக்கின்றன. அங்கேதான் மாநகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது, கோரையாறும் ஓடுகிறது. இதையெல்லாம் மனை விற்கிறவர் வரைபடத்தில் காட்ட மாட்டார்.

இப்போது மழைக்கு வருகிறேன். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை இதில்தான். நீங்கள் வீடு பார்ப்பது வெயில் காலம். எந்தத் தெருவும் அப்போது காய்ந்து சுத்தமாகத்தான் இருக்கும். திருச்சியில் வெள்ளம் இரண்டு விதம். மேட்டூரிலிருந்து உபரி நீர் திறந்தால் ஆடி, ஆவணியில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வருவது ஒன்று. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் பெருவாரியான நீரைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவதால் கரையை ஒட்டிய தாழ்வான இடங்களைத் தவிர ஊருக்குள் அது அவ்வளவாக வராது. மற்றது ஐப்பசி, கார்த்திகையில் உள்ளூரிலும் தெற்கே மணப்பாறைப் பக்கமும் கொட்டும் மழை. அது கோரையாறு, அரியாறு, குடமுருட்டி வழியே சில மணி நேரத்தில் வந்து சேரும். 1977 நவம்பரில் ஊரை மூழ்கடித்தது இந்த வெள்ளம்தான். 2021 நவம்பரிலும் கருமண்டபம், எடமலைப்பட்டிபுதூர், உய்யக்கொண்டான் திருமலை, வயலூர் சாலைப் பக்கங்களில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது. அந்தப் பகுதிகளே கூடாது என்று சொல்லவில்லை. மேட்டுத் தெரு எது, பள்ளத் தெரு எது என்று தெரியாமல் முன்பணம் கொடுத்துவிடாதே.

கண்டுபிடிப்பது எளிது. தெருவில் பழைய காம்பவுண்டு சுவர்களின் அடிப்பகுதியைப் பார். ஒரே உயரத்தில் பழுப்புக் கோடும், அதன் கீழே உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தும் இருந்தால் தண்ணீர் அங்கே நின்றிருக்கிறது. ஒரு சுவரில் மட்டும் என்றால் அது குழாய்க் கசிவாக இருக்கலாம், வரிசையாக நாலைந்து வீட்டில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து, வீட்டின் தரை சாலையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அள. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் போய்விட்ட தெருக்கள் நிறைய உண்டு. இரண்டடிக்குக் குறைந்தால் தரைத்தளம் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியின் மூடி தரையோடு தரையாக இருந்தாலும் வேண்டாம். வாசலுக்குத் தண்ணீர் ஏறும் முன்பே சாக்கடை நீர் தொட்டிக்குள் இறங்கிவிடும். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, தெருமுனை மளிகைக்கடைக்காரரிடமும் இஸ்திரி போடுகிறவரிடமும் "போன கார்த்திகையில் வண்டி போச்சா?" என்று கேள். பதில் உடனே வரும்.

குடிதண்ணீர் விஷயத்தில் திருச்சிக்குக் குறை சொல்ல முடியாது, காவிரித் தண்ணீர். ஆனால் குழாய் இருக்கிறது என்பதும் தண்ணீர் வருகிறது என்பதும் வேறு வேறு. எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம், மோட்டார் போடாமல் தொட்டியில் விழுகிறதா என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேள். புழங்குவதற்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான், தெருவுக்குத் தெரு மாறும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கி வை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. புழங்கும் தண்ணீரே 1500-ஐத் தாண்டினால் ஹீட்டர், வாஷிங் மெஷின், குழாய் எல்லாம் உப்புப் படிந்து வீணாகும். மீட்டர் கையில் இல்லையென்றால் குளியலறைக் குழாயின் வாயைப் பார், வெள்ளையாகக் கட்டியிருந்தால் அதுவே பதில். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, செப்டிக் டேங்கா என்பதையும் கேள். விரிவாக்கப் பகுதிகளில் இன்னும் பல தெருக்களில் டேங்குதான். அடுக்குமாடியில் டேங்க் என்றால் எத்தனை நாளைக்கு ஒரு முறை லாரி வருகிறது, செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பிடித்துப்போன வீட்டை ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதே. பள்ளி நாளில் காலை எட்டேகாலுக்கு ஒரு முறை, ராத்திரி எட்டரைக்கு ஒரு முறை போய்ப் பார். காலையில் போக்குவரத்து தெரியும். ராத்திரியில் தெருவிளக்கு, நாய்கள், பக்கத்தில் டாஸ்மாக், கல்யாண மண்டபம் எல்லாம் தெரியும். மதியம் இரண்டு மணிக்கும் போக முடிந்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும் ஊர். மேல்தளத்துக்கு மேலே வெறும் காங்கிரீட் மொட்டைமாடி என்றால், பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது நடுராத்திரி வரைக்கும் உள்ளே இறக்கும். படுக்கையறை மேற்குச் சுவரை ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்திருந்தால் சமாளிக்கலாம். சம்பந்தி அம்மாவின் முழங்காலுக்கு முதல் தளம்கூட லிஃப்ட் இல்லாமல் கஷ்டம். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாட்கள் வரும் என்பதால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டு, ஓட்டிக் காட்டச் சொல்.

ஈ.பி. மீட்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பும் தனி நுகர்வோர் எண்ணும் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் மீட்டரிலிருந்து சப்மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வராது. இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் என்றால் 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டும், தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். நுகர்வோர் எண்ணை வாங்கி நிலுவை இருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எந்தக் குடித்தனத்தையும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சென்னைப் பழக்கத்தில் பத்து மாதம் எண்ணிக் கொடுத்துவிடாதே. காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கு.

பள்ளிக்கூடத்தை வீட்டுக்கு முன்பே பேசிவிடு. யாழினிக்கு எல்.கே.ஜி. இடம் கிடைப்பது சுலபம், மகிழனுக்கு ஐந்தாம் வகுப்பில் காலியிடம் இருந்தால்தான். இடம் உறுதியானதும் பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழோடு, எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவிலிருந்து அவன் பெயரை விடுவிக்கச் சொல். அவர்கள் அவன் பதிவை அதிலுள்ள பொதுத்தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதுப் பள்ளி அவனை எடுத்துக்கொள்ள முடியும். மே மாத விடுமுறையில் அலுவலகத்தில் ஆள் இருக்காது, அதனால் ஏப்ரலுக்குள் முடித்துவிடு.

சொந்த வீடு வாங்கும் பேச்சை மாப்பிள்ளை எடுத்தார் என்றாய். அவரிடம் பக்குவமாகச் சொல்: ஒரு ஐப்பசி, கார்த்திகை கழியட்டும். வாடகையில் இருந்துகொண்டே எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எங்கே வாகனம் நகரவில்லை என்று பார்த்துவிட்டு வாங்கலாம். மனை என்றால் டி.டி.சி.பி. என்கிற நகர ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் இருக்க வேண்டும். 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். கிராமக் கணக்கில் அந்தச் சர்வே எண் ஏரி, வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் என்றால் அடிமனைப் பிரச்சினை உண்டு, நிலம் கோயிலுடையது என்று பத்திரப்பதிவே நிற்கும். உள்ளூர் வக்கீலைப் பார்க்காமல் அங்கே ஒரு ரூபாய்கூட முன்பணம் தர வேண்டாம்.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், அன்று சாலை காலியாக இருக்கும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒதுக்கி வாருங்கள், ராத்திரி இங்கே முசிறிக்கு வந்து தங்கிக்கொள்ளலாம். டேப்பும் டி.டி.எஸ். மீட்டரும் பையில் இருக்கட்டும். எந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இடமிருக்கிறது என்று இந்த வாரமே போன் செய்து கேட்டு எனக்குச் சொல். அதை வைத்து எந்தெந்தத் தெருவைப் பார்ப்பது என்று குறித்து வைக்கிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா