மேசையைத் துடைக்காமல் விட்ட அக்காவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று மதியம் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். என் முதல் அருங்காட்சியக இன்டர்ன்ஷிப் முடிந்தது. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை காலை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது.

எங்கள் கூடத்தைச் சுத்தம் செய்யும் அக்கா அன்று எல்லோருக்கும் முன்னால் வந்திருக்கிறார். நான் ஆராய்ந்துவந்த பழைய துணி இருந்த மேசையின் ஓரத்தில் கண்மை உதிர்ந்ததுபோல் கறுப்பாக ஏதோ கிடந்திருக்கிறது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போயிருக்கும். அவர் இழுக்கவில்லை. மெல்லிய டிஷ்யூ தாள் ஒன்றில் அதை அட்டை விளிம்பால் ஒதுக்கி எடுத்து, நான்காக மடித்து, மேலே பென்சிலால் தேதியும் நேரமும் "சன்னல் பக்க மூலை" என்றும் எழுதி என் கையில் கொடுத்தார். "உன் துணியில இருந்து விழுந்ததா இருக்கும்மா. பெருக்க மனசு வரல." நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இரும்பும் துவர்ப்புப் பொருளும் சேர்த்துப் போட்ட கறுப்புச் சாயம், காலப்போக்கில் தான் ஏறிய நூலையே தின்றுவிடும். பழைய பூவேலைகளில் சிவப்பும் நீலமும் அப்படியே இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடத்தில் ஊசித்துளைகள் மட்டும் மிஞ்சுவது அதனால்தான். இதைத்தான் நான் ஆராய வந்தேன். ஆனால் சோதிக்க நூல் வேண்டுமே! பொருளில் இருந்து வெட்டி எடுக்க அனுமதியும் இல்லை, எனக்கு மனமும் இல்லை. அக்கா கொடுத்த பொட்டலத்தில் இமைமுடியில் பாதி நீளத்துக்கு ஒரு துணுக்கு இருந்தது. இரும்பு பட்டால் இளஞ்சிவப்பாகும் சோதனைத் தாளை ஈரமாக்கி, அதில் வைத்தோம். மெல்ல நிறம் ஏறியது. இரும்பு!

மாதிரிப் படிவத்தில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். "என் பேரு எதுக்கும்மா" என்றார். அப்புறம் அவரே வந்து எட்டிப் பார்த்து, தலைப்பெழுத்து விட்டுப்போச்சு என்றார். சேர்த்துவிட்டேன்.

வளைந்த ஊசியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள், துணி வெளுக்காமலிருக்க, விளக்கொளி 50 லக்ஸைத் (ஒளியை அளக்கும் அலகு) தாண்டாமல் எனக்காகத் திரும்பத் திரும்ப அளந்தவர்கள், இரவு பதினொரு மணிக்கும் போனை எடுத்த தோழிகள், கெடுவைத் தள்ளி வைத்த பேராசிரியர், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஒளி பட்டு வெளுத்த சாயம் திரும்பாது, உதிர்ந்த இழை மறுபடி ஒட்டாது. இந்த வேலையில் பெரும்பாலும் இருப்பதை இன்னும் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கத்தான் பார்க்கிறோம். அப்படி நிறுத்தி வைக்கிறவர்கள் பட்டியலில் துடைப்பம் பிடித்த கையும் இருக்கிறது என்பதை நான் மறக்க மாட்டேன். இனி எந்தக் கூடத்துக்குப் போனாலும், அங்கே சுத்தம் செய்பவரிடம்தான் முதலில் போய் என் பெயரைச் சொல்வேன்.

அக்காவின் பொட்டலத் தாளைத் தனி உறையில் போட்டு மாதிரியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிப்போட வேண்டாம் என்று உறை மேலே பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பயிற்சி மாணவி