35 வயதில் படிக்கப் போனால் வீட்டில் உலை ஏறுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

புலமைப்பரிசில் என்றால் நம் ஆட்களுக்கு இரண்டுதான் ஞாபகம் வரும். ஒன்று ஐந்தாம் தரப் பிள்ளைகளின் பரீட்சை, மற்றது பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களின் மஹாபொல. குடும்பம், பிள்ளைகுட்டி என்று ஆனபிறகு தொழில் படிக்கத் திரும்புகிறவனுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த இடம் சம்பூர். 2006 ஏப்ரலில் போரால் ஊரைவிட்டு ஓடும்போது பதினோராம் வகுப்பு. சாதாரண தரம் எழுதவே இல்லை. பிறகு கிளிவெட்டி முகாமில் இருந்த காலத்தில் ஒரு வயர்மேனுக்குக் கையாளாகப் போய், அதுவே தொழிலாகிவிட்டது. இப்போது உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வயரிங் செய்கிறேன். ஒரு மாடி முழுக்கக் குழாய் போட்டு, வயர் இழுத்து, போர்ட் கட்டிக் கொடுப்பேன். ஆனால் ட்ரிப் சுவிட்ச் ஏன் சும்மா சும்மா விழுகிறது என்று ஹோட்டல்காரர் கேட்டால், ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்க்கத்தான் தெரியும். மீட்டரை வைத்து இன்சுலேஷன் பார்ப்பது, எர்த் அளப்பது எல்லாம் அரைகுறை. கடற்கரைக் கட்டடங்களில் எர்த் கம்பியின் கிளிப்பை உப்புக்காற்று தின்றுவிடும். அளந்து பார்க்கத் தெரியாதவன் வேலை செய்தால் ஆளுக்கே ஆபத்து.

பெரிய கொந்தராத்து என்றால் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழில் மூன்றாம் மட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சரி, படித்துவிடலாம் என்று ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். படிவத்தைப் பார்த்துக்கொண்டு வந்த உத்தியோகத்தரின் பேனை பிறந்த ஆண்டில் வந்து நின்றது. "தம்பி, கொடுப்பனவு எல்லாம் இளைஞர்களுக்குத்தான். சேருவதென்றால் சேரலாம்" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியோடு கணக்குப் பார்த்தேன். எனக்கு நாட்கூலி 3500 ரூபா. ஆறு மாதப் பாடநெறி, கிழமைக்கு ஐந்து நாள். 130 நாள் என்று வைத்தால் 455,000 ரூபா வருமானம் போகும். சம்பூரிலிருந்து திருகோணமலைக்கு பஸ் காசு தனி. எங்களைப் போன்றவர்களை மறிப்பது பாடநெறிக் கட்டணம் இல்லை, இந்த நாட்கூலிதான்.

தொழில் தெரிந்தவர்கள் வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டுக்குத் தோற்றிச் சான்றிதழ் எடுக்கும் வழி இருக்கிறது, ஆர்.பி.எல். என்பார்கள். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அது தெரிந்ததற்குத் தரும் சான்றிதழ். தெரியாததை யார் சொல்லித் தருவது?

போர் முடிந்தபிறகு எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தது ஞாபகம் வருகிறது. மூன்று நாள் பழக்கிவிட்டுப் போனார்கள். என் அக்காவின் மெஷின் இப்போது டீவி வைக்கும் மேசையாக இருக்கிறது.

சிங்கப்பூரில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன பிரஜைகளுக்குத் தொழிற்படிப்புக்கென்று 2024இல் தலைக்கு 4000 சிங்கப்பூர் டொலர் ஒதுக்கினார்கள். முழுநேரம் படிக்கப் போனால், முன்பு எடுத்த சம்பளத்தில் பாதியளவை, மாதம் 3000 டொலருக்கு மேற்படாமல், உதவியாகத் தருகிறார்கள். அவர்கள் பணக்காரர்கள், நாங்கள் 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்கள். அது தெரியும். ஆனால் வேலையை விட்டு வருகிறவனுக்குக் கூலிதான் இழப்பு என்று அவர்கள் கண்டுகொண்டதை நாங்களும் காணலாமே. எனக்குப் பாதிக் கூலிகூட வேண்டாம். வகுப்புக்கு வந்த நாளுக்கு 1000 ரூபா போதும், வராத நாளுக்கு வெட்டட்டும். இடையில் விட்டால் திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்துப் போடவும் தயார்.

அதற்கும் காசில்லை என்றால் வகுப்பைச் சனி, ஞாயிறுக்கு மாற்றி மூதூரில் வையுங்கள். மேசன், வெல்டிங், அவுட்போட் எஞ்சின் திருத்துகிறவர்கள் என்று எனக்குத் தெரிந்தே இருபது பேர் வருவார்கள். தொடங்க எத்தனை பேர் வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்கள் இந்தப் பத்திரிகை மூலம் சொன்னால், மிச்ச ஆட்களைத் திரட்டித் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
சம்பூர், திருகோணமலை மாவட்டம்.