நறுக்காத ரொட்டிக்கு ஒரு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தோம். இவர் நன்றாக இருக்கிறார். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு நான்காவதையும் கேட்டார். ஜெர்மனியின் நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் அன்று ராத்திரி, பாதாம், வால்நட் போன்ற கொட்டைகள் ஒத்துக்கொள்ளாத இவருக்கு ஒவ்வாமை முற்றியது உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் போனில் கூடவே இருந்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்த கடைக்காரர், ஆம்புலன்ஸ் வரும்வரை இவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்திருந்த இரண்டு பையன்கள், விடியவிடியப் பார்த்துக்கொண்ட நர்ஸ்கள், பூட்டிய மருந்துக்கடைக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்து இன்றைக்கு எந்தக் கடைக்கு இரவு முறை என்று கண்டுபிடித்து ஓட்டிப்போன டாக்சிக்காரர், காப்பீட்டுத் தாள்களை ஊரிலிருந்து அனுப்பிய தம்பி: உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. தனித்தனியாக எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு எதிரே இருந்த பேக்கரியில் காலை வேளையில் நிற்கும் அம்மா. பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் செய்தது இவ்வளவுதான்: ரொட்டி நறுக்கும் இயந்திரத்தை நோக்கிப் போன கையை, விஷயம் கேட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அங்கே முழு ரொட்டி வாங்கினால், நறுக்கித் தரவா என்று கேட்டு இயந்திரத்தில் விடுவார்கள். சில நொடி வேலை. வால்நட் போட்ட ரொட்டியும் அதே இயந்திரத்தில்தான் போகும். அலகுகளுக்கு நடுவே தங்கும் துகள், அடுத்து வரும் சாதாரண ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) ரொட்டியில் ஏறிவிடும். பொருட்பட்டியலைத் தலைகீழாகப் படித்தாலும் அதில் ஒரு கொட்டைகூட இருக்காது. இடுக்கியும் அப்படித்தான்: ஹேசல்நட் பூரணம் வைத்த பிறைப் பணியாரத்தை எடுத்த இடுக்கிதான் பக்கத்துத் தட்டிலிருக்கும் வெறும் பன்னையும் எடுக்கும். அந்த அம்மா கத்தியையும் பலகையையும் கழுவி, கையையும் கழுவி, மேல் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கையாலேயே எட்டுத் துண்டு போட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

பிறகு கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்துப் போட்டார். பொட்டலம் கட்டாமல் விற்கும் பண்டங்களுக்கும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றித் தகவல் தந்தாக வேண்டும் என்பது 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் சட்டம். ஜெர்மனியில் கடைக்காரர் வாயால் சொல்லலாம், ஆனால் எழுத்திலும் இருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். கேட்காவிட்டால் யாரும் எடுத்து நீட்டமாட்டார்கள். நாங்கள் அதுவரை போன இடமெல்லாம் ‘நுஸ்?’ ‘நுஸ்?’ (கொட்டையா?) என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம். கோப்பில் இருந்த சொல்லோ வேறு: ‘ஷாலன்ஃப்ரூஷ்டெ’. பாதாம், ஹேசல்நட், வால்நட், முந்திரி, பீக்கன், பிரேசில் நட், பிஸ்தா, மக்கடேமியா ஆகிய எட்டுக்கும் சட்டம் வைத்த பொதுப்பெயர் அது. வேர்க்கடலை அதில் சேராது, அதற்குத் தனி வரி. சந்தையில் சுட்டு விற்கும் மரோனி என்ற செஸ்ட்நட்டும் தேங்காயும் அந்த எட்டில் இல்லை.

ரொட்டிப் பையின் பின்பக்கம் முதலில் இதை எழுதிக் கொடுத்தார்: ‘இஷ் ஹாபே ஐனே ஷ்வேரே அலர்கீ கேகன் ஷாலன்ஃப்ரூஷ்டெ.’ எனக்கு அந்தக் கொட்டைகளுக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டு என்று பொருள். அதற்குக் கீழே ‘உன்கெஷ்னிட்டன், பிட்டெ’, அதாவது நறுக்காமல் தாருங்கள். அதற்கும் கீழே, பெயரிலேயே கொட்டையை ஒளித்துவைத்திருக்கும் பண்டங்களின் வரிசை. மார்சிபான் பாதாம் விழுது. நூகாட் என்றால் ஜெர்மனியில் பெரும்பாலும் ஹேசல்நட்டும் கோகோவும் அரைத்த பழுப்புக் களி. க்ரோகான்ட் என்பது கொட்டை போட்ட பாகுத் தூள். பீனன்ஷ்டிஷ், தேனீக்கொட்டு என்று அழகாகப் பெயர் வைத்த கேக், மேலே முழுக்கப் பாதாம் சீவல். டிசம்பரில் எங்கும் குவிந்திருக்கும் இலவங்கப்பட்டை நட்சத்திர பிஸ்கட்டுக்குப் பாதாம்தான் மாவு. மசாலா மணக்கும் கேக்குக்கு எலிசன் லெப்குகன் என்று பெயர் போட வேண்டுமென்றால் பாதாம், ஹேசல்நட், வால்நட் மூன்றிலிருந்து குறைந்தது 25 சதவீதம் இருந்தாக வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மோர்டடெல்லா என்ற பன்றி இறைச்சித் துண்டில் பச்சைப் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் பிஸ்தா. இத்தனைக்கும் நடுவே ‘நுஸ்ஷிங்கன்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார். பேரில் நட் இருக்கிறது, பண்டத்தில் இல்லை. அது பன்றித் தொடையின் ஒரு துண்டு.

அந்தப் பையை வைத்துக்கொண்டுதான் மிச்சப் பயணத்தை முடித்தோம். டிரெஸ்டனில் 2005-இல் மீண்டும் எழுப்பி முடித்த ஃப்ரவன்கிர்கே தேவாலயத்தின் கரிந்த பழைய கற்களையும் வெளிறிய புதுக் கற்களையும் பார்த்தோம். 1434-இல் தொடங்கிய ஷ்ட்ரீட்செல் என்ற கிறிஸ்துமஸ் சந்தையில் ஸ்டாலன் என்ற உலர்பழக் கேக் மட்டும் எங்களுக்கு இல்லை. டிரெஸ்டன் ஸ்டாலனில் இனிப்புப் பாதாமும் கசப்புப் பாதாமும் சேரும். லைப்ஸிக்கில் இசைமேதை பாக்கின் கல்லறை இருக்கும் தாமஸ் தேவாலயம். வெளியே கடைக் கண்ணாடிக்குள் ‘லைப்ஸிகர் லெர்ஹே’, லைப்ஸிக் வானம்பாடி என்று பொருள். ஒரு காலத்தில் நிஜமாகவே வானம்பாடிக் குருவியைச் சமைத்தார்களாம். 1876-இல் அந்த வேட்டைக்குத் தடை வந்தபின் அதே பெயரில் மார்சிபான் அடைத்த பணியாரம். குருவி தப்பியது, எங்களுக்குத்தான் இல்லாமல் போயிற்று. கொலோனில் பேராலயத்தின் 533 படிகளை இவர் ஏறவில்லை, நான் விடவில்லை. கீழே சந்தையில் ஆப்பிள் மசியலோடு ரைபகூகன் தின்றோம்: துருவிய உருளை, வெங்காயம், முட்டை, கொஞ்சம் மாவு. அங்கேயும் கேட்க வேண்டியது மாவைப் பற்றியல்ல, பொரிக்கும் எண்ணெயைப் பற்றி: இதே எண்ணெயில் வேறென்ன பொரிகிறது? சாப்பாட்டுக் கடையில் ‘ஹால்வர் ஹான்’ வந்தது. அரைச் சேவல் என்று பெயர், தட்டில் இருந்தது ரை பன், கௌடா சீஸ், கடுகு விழுது, வெங்காயம்.

உணவுப் பட்டியலில் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒவ்வாமைப் பொருளைக் குறிக்கப் போட்டிருக்கும் எழுத்துகளை நம்பி நானே ஒருமுறை தடுமாறினேன். ஒரு கடையில் எச் என்றால் ஷாலன்ஃப்ரூஷ்டெ, அடுத்த கடையில் அதே எச் வேறு ஏதோ. நாடு முழுவதற்கும் பொதுவான குறியீடு கிடையாது. கடைசிப் பக்க விளக்கத்தை ஒவ்வொரு கடையிலும் புதிதாகப் படிக்க வேண்டும். பொட்டலப் பண்டங்களில் ஒவ்வாமைப் பொருளின் பெயர் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துத் தெரியும். ஆனால் ‘துகள்கள் இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை கட்டாயமில்லை. அந்த வரி இல்லாததால் துகள் இல்லை என்று ஆகிவிடாது.

டாக்டர் சொன்னதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் யாருக்காவது தேவைப்படலாம். அட்ரினலின் பேனா (ஒவ்வாமை முற்றும்போது உடனே போடும் ஊசி) இரண்டு, எப்போதும் கூடவே. தொடையின் வெளிப்பக்க நடுவில், உடைக்கு மேலேயே குத்தலாம். குளிர்காலத்தில் அங்கே சட்டைப்பை, சாவி, சில்லறை இருக்கும், அதைத் தவிர்க்க வேண்டும். மேல் கோட்டின் வெளிப்பையில் பேனாவை வைக்கக்கூடாது, மருந்து உறையக்கூடாது. குத்தியவுடன் 112. சரியாகிவிட்டது போல் இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம்.

பேக்கரி அம்மா, இந்தத் தமிழ் உங்களுக்கு எட்டாது. வெண்ணெய்க் கறை படிந்த உங்கள் பை இவருடைய பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. அடுத்த டிசம்பரில் உங்கள் கடைக்கு வருவோம். வெறுங்கையோடு வர மனமில்லை. கடலை உருண்டை கூடாது, எள்ளுருண்டை கொண்டுவரலாமென்றால் எள்ளும் அந்தப் 14-இல் ஒன்று. லட்டுக்கு நெய் வேண்டும், பால் பொருளைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. யோசித்து யோசித்துக் கார்த்திகைப் பொரி உருண்டையில் வந்து நிற்கிறோம்: பொரி, வெல்லம், பொட்டுக்கடலை, பல்லுப் பல்லாகத் தேங்காய், ஏலக்காய், சுக்கு. பாகு உருட்டுப் பதம் வந்ததும் பொரியைக் கொட்டிக் கிளறி, கையில் நெய்க்குப் பதில் அரிசி மாவு தொட்டுச் சூட்டோடு உருட்ட வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். பொருட்பட்டியலை ஜெர்மனில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டியே கொண்டுவருவோம். உங்கள் கோப்பில் சொருகிக்கொள்ள வசதியாக இருக்கும்.